மழலையும் மகிழுந்தும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

விஞ்ஞானம் மனிதனுக்குச் சிறகு கொடுத்தது என்று மேடைதோறும் கேட்கிறோம். அந்தச் சிறகின் அடியில் குஞ்சுகளை எப்படி வைத்துக்கொண்டு பறப்பது என்று எண்ணிப் பார்த்தவர்கள் நம் நாட்டில் மிகச் சிலரே. ஒரு காலத்தில் ஊருக்கு ஒரு கார் இருந்தது. அது மிராசுதார் வீட்டு வாசலில் நின்றது. இன்று ஆரம்பப் பள்ளி ஆசிரியரும், மளிகைக் கடைக்காரரும், வளைகுடா நாட்டில் பத்தாண்டு உழைத்துத் திரும்பியவரும் வங்கிக் கடன் பெற்றுக் கார் வாங்குகிறார்கள். மகிழ்ச்சிக்குரிய மாற்றமே. இன்னும் பத்தாண்டுகளில் இந்த மலரைப் படிக்கும் நம்மில் பலரும் வாங்கப் போகிறோம்.

ஆனால் எதைப் பார்த்து வாங்குகிறோம்? ‘லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கும்?’ என்பது முதல் கேள்வி. ‘விற்றால் என்ன விலை போகும்?’ என்பது இரண்டாவது. பிறகு நிறம், பாட்டுப் பெட்டி, பக்கத்து வீட்டுக்காரரின் அபிப்பிராயம். குழந்தைகள் எங்கே உட்காருவார்கள் என்ற கேள்வியைக் கேட்பவரைக் காண்பது அரிது. கேட்டால், ‘குழந்தைக்கு என்ன தனி சீட்டு? மடியில் வைத்துக்கொண்டால் போயிற்று’ என்ற பதில் தயாராக இருக்கும். தமிழ்த்துறைப் பேராசிரியர்கள் காரை ‘மகிழுந்து’ என்று எழுதச் சொல்கிறார்கள். நல்ல சொல். மகிழ்ந்து செல்வதுதான் நோக்கமென்றால், போன குழந்தை முழுதாகத் திரும்பி வருவது அதன் முதல் இலக்கணம் அன்றோ?

மடியைப் பற்றியே முதலில் பேசுவோம். தாயின் மடியைவிடப் பாதுகாப்பான இடம் உலகில் இல்லை என்பது கவிஞர்களின் முடிவு. நியூட்டனின் முடிவு வேறு. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார், விநாடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர் கடக்கிறது. காருக்குள் இருக்கும் குழந்தைக்கும் அதே வேகம் உண்டு. அந்தக் கார் ஒரு புளியமரத்தில் மோதி விநாடியின் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 10 கிலோ எடையுள்ள குழந்தையை அந்த நேரத்துக்குள் நிறுத்தத் தேவைப்படும் விசை ஏறத்தாழ 1,400 நியூட்டன். அதாவது சுமார் 140 கிலோ எடையைத் தூக்கிப் பிடிப்பதற்குச் சமம். கடையில் விற்கும் 25 கிலோ அரிசிச் சிப்பம் ஏறக்குறைய ஆறு. எந்தத் தாயின் கைகளும், அவள் எவ்வளவு பாசம் உடையவளானாலும், அதைத் தாங்கமாட்டா.

இன்னொரு விதமாகவும் கணக்கிடலாம். 50 கிலோமீட்டர் வேகம் என்பது சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது பெறும் வேகம். மூன்று மாடி உயரம். மூன்றாவது மாடியின் கைப்பிடிச் சுவர்மேல் குழந்தையை நிற்கவைத்து, ‘நான்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேனே’ என்று யாராவது சொன்னால் ஊரே திரண்டு திட்டும். காரில் அதையே செய்தால் யாரும் திட்டுவதில்லை. வேகம் இருமடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும் என்பது பதினோராம் வகுப்புப் பாடம். நான்குவழிச் சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது மாடி பன்னிரண்டாகிவிடுகிறது. மடியில் வைத்திருக்கும் தாய் தானும் பட்டை அணியாதிருந்தால் நிலைமை இன்னும் கொடிது. அவளுடைய 60 கிலோ எடையும் முன்சீட்டுக்கும் தனக்கும் நடுவே குழந்தையை வைத்து நசுக்கும். இருவரையும் சேர்த்து ஒரே பட்டையைப் போடும் பழக்கமும் இதே காரணத்தால் ஆபத்தானது.

மேலை நாட்டினர் இதை ஒரே நாளில் உணர்ந்துவிடவில்லை. மூன்று முனைகளில் பொருந்தும் சீட் பெல்ட்டை வால்வோ நிறுவனத்தின் பொறியியலாளர் நீல்ஸ் போலின் 1959இல் அமைத்தார். அந்த நிறுவனம் அதன் காப்புரிமையை மற்றவர்களும் பயன்படுத்தத் திறந்துவிட்டது. அது பெரியவர்களுக்கு. குழந்தைகளுக்காக முதலில் உழைத்தவர்களில் ஒருவர் சுவீடனின் பெர்ட்டில் ஆல்ட்மன் என்ற மருத்துவப் பேராசிரியர். ஜெமினி விண்கலத்தில் வீரர்கள் புறப்பாட்டு விசையை முதுகால் தாங்கும்படி இருக்கை அமைத்திருந்ததைக் கண்டு, குழந்தையையும் அவ்வாறே பின்னோக்கி உட்காரவைத்தால் என்ன என்று 1960களில் அவர் ஆராய்ந்தார். பிறந்த குழந்தையின் உடல் நீளத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு தலை. கழுத்தோ வாழைத்தண்டு. முன்னோக்கி உட்கார்ந்தால் மோதலின்போது தலை முன்னே பாயும். பின்னோக்கி உட்கார்ந்தால் விசை முதுகு முழுவதும் பரவிவிடும். சுவீடனில் நான்கு வயதுவரை இப்படியே உட்காரவைக்கிறார்கள். விண்வெளி ஆராய்ச்சியால் ஏழைக்கு என்ன பயன் என்று பட்டிமன்றம் நடத்துவோர் கவனிக்க வேண்டிய செய்தி இது.

நம் நாட்டில் சட்டம் இல்லையா? இருக்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மோட்டார் வாகனச் சட்டத்தில் 194-பி என்ற பிரிவு சேர்க்கப்பட்டு, அவ்வாண்டு செப்டம்பர் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. பதினான்கு வயது நிறையாத குழந்தையைச் சீட் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இன்றி ஏற்றிச் சென்றால் ஆயிரம் ரூபாய் அபராதம். சட்டம் புத்தகத்தில் உறங்குகிறது, குழந்தை மடியில் உறங்குகிறது. 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்றும், அவர்களுள் சீட் பெல்ட் அணியாமல் இறந்தவர்கள் 16,715 பேர் என்றும் மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. அந்த 16,715 பேரில் ஏறக்குறையப் பாதிப்பேர் ஓட்டுநர்கள் அல்லர். உடன் சென்ற பயணிகள்.

இப்போது கார் தேர்வுக்கு வருவோம். வெறும் தத்துவமாகப் பேசுவதைவிட ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு பார்ப்பது நல்லது. என் அக்காள் வீட்டில் மூன்று குழந்தைகள்: ஆறு வயது, மூன்று வயது, எட்டு மாதம். அக்காள் கணவர் பழைய கார் ஒன்று வாங்க நினைக்கிறார். அவருடைய தாயாரும் உடன் இருக்கிறார். ஆக மொத்தம் ஆறு பேர். அவர் மனத்தில் இருந்தது ஐந்து பேர் அமரும் ஒரு சிறிய கார். ‘குழந்தைகள் எல்லாம் ஒரு கணக்கா மாப்பிள்ளே?’ என்றார். கணக்குத்தான். தலைகளை எண்ணு, பட்டைகளை எண்ணு. இரண்டும் சமமாக இல்லையென்றால் அந்தக் கார் அந்தக் குடும்பத்துக்குரியது அன்று. இதற்கு இயற்பியல்கூட வேண்டாம், ஒன்றாம் வகுப்புக் கணக்கு போதும்.

‘பின்சீட்டில் மூன்று குழந்தை இருக்கைகளை வைத்துவிட்டால்?’ என்று கேட்கலாம். அப்போது அக்காளோ அவள் மாமியாரோ வீட்டில் நிற்க வேண்டும். அதுவும் ஒருபுறம் இருக்கட்டும். சிறிய காரின் பின்சீட்டை நூல் பிடித்து அளந்தால் நாலடிக்குச் சற்றுக் கூடவோ குறையவோ, சுமார் 120 சென்டிமீட்டர், வரும். புதிய ஐரோப்பிய விதிகளின்படி செய்யப்படும் குழந்தை இருக்கைகள் 44 சென்டிமீட்டர் அகலத்துக்குள் அடங்கும்படி அமைக்கப்படுகின்றன. மூன்றை அடுக்கினால் 132. கதவு மூடாது. மேலும், இருக்கையை நேரே காரின் இரும்புச் சட்டத்தோடு மாட்டும் ‘ஐஸோஃபிக்ஸ்’ என்ற கொக்கி பெரும்பாலான கார்களில் இரண்டாம் வரிசையின் இரு ஓரங்களில் மட்டுமே இருக்கும். நடுவில் இருப்பவருக்குப் பழைய கார்களில் இடுப்புப் பட்டை ஒன்றுதான். தோள்பட்டை கிடையாது.

அகலத்தை மட்டும் அளந்து ஏமாறுவோரும் உண்டு. நீளமும் பார்க்க வேண்டும். பின்னோக்கி வைக்கும் இருக்கை சாய்ந்து நிற்பதால் முன்பின் இடத்தை நிறைய எடுத்துக்கொள்ளும். சிறிய காரில் அதை வைத்தால் முன்சீட்டை முன்னுக்குத் தள்ள வேண்டியிருக்கும். முன்னே அமரும் பாட்டியின் முழங்கால் டேஷ்போர்டில் இடிக்கும். அப்படியானால் குழந்தை இருக்கையையே முன்னால் வைத்துவிடலாமே என்று தோன்றும். கூடவே கூடாது. முன்சீட்டில் காற்றுப்பை இருந்தால், அது விரியும் வேகத்தில் பின்னோக்கிய இருக்கையின் முதுகில் அறையும். பெரியவரைக் காக்கும் பொருள் சிசுவுக்கு எமனாகிவிடும்.

ஆகவே மூன்று சிறு குழந்தைகள் உள்ள வீட்டுக்கு மூன்று வரிசைக் கார் என்பது ஆடம்பரம் அன்று, தேவை என்பதே என் முடிவு. 2005இல் வந்த இன்னோவா, 2012இல் வந்த எர்டிகா, 2019இல் வந்த டிரைபர் போன்றவை இவ்வகையின. ஆனால் ‘ஏழு பேர் அமரலாம்’ என்ற விளம்பரத்தோடு நின்றுவிடக் கூடாது. யார் எங்கே உட்காருவது என்பதைக் காகிதத்தில் படம் போட்டுப் பார்க்க வேண்டும். நாங்கள் போட்டுப் பார்த்தோம். ஓட்டுநர் அருகில் பாட்டி. மூட்டு வலிக்காரர் பின்வரிசைக்கு ஏற முடியாது. இரண்டாம் வரிசையின் இரு ஓரங்களிலும் சின்னவனும் நடுவுள்ளவளும். மூன்றாம் வரிசையில் பெரியவன், உயர்த்தும் மெத்தை இருக்கையில். அக்காள் எங்கே? இரண்டாம் வரிசையின் நடுவில் இரு இருக்கைகளுக்கு இடையே நெருக்கிக்கொண்டு உட்காரலாம். அல்லது பெரியவனோடு பின்னால் உட்காரலாம். பின்னால் என்றால் எப்படிப் போவது? இரண்டாம் வரிசையை மடித்துத்தான் பின்னே ஏற வேண்டும். அதில் குழந்தை இருக்கை மாட்டியிருந்தால் மடிக்க வராது. புடவையோடு டிக்கி வழியாக ஏறச் சொல்ல முடியுமா?

இங்கேதான் இரண்டாம் வரிசையில் தனித்தனியாக இரண்டு நாற்காலிகளும் நடுவே வழியும் உள்ள ஆறு இருக்கைக் கார்களின் அருமை புரிகிறது. ஏழைவிட ஆறு பெரியதாகும் இடம் இது ஒன்றுதான் என்று கணிதத்துறை நண்பன் ஒருவன் கேலி செய்தான். நடுவழியாகத் தாய் பின்னே போய் அமர்ந்தால் மூன்று குழந்தைகளும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பார்கள். ஆனால் அத்தகைய கார்களின் விலை, பழையதானாலும், நடுத்தரக் குடும்பத்தைப் பெருமூச்சு விடவைக்கும்.

மூன்றாம் வரிசைக்கு வேறு குறைகளும் உண்டு. அதை விரித்துவிட்டால் சாமான் வைக்க இடமிராது. எர்டிகாவில் 209 லிட்டர் மிஞ்சும். டிரைபரில் 84 லிட்டர்தான். இரண்டு பையும் ஒரு தண்ணீர்க் குடமும் வைத்தால் தீர்ந்தது. பின்வரிசைச் சன்னல் திறக்காது. சித்திரை வெயிலில் பின்னால் குளிர்காற்று வரும் துளை இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்கினால், பெரியவன் ஒவ்வொரு பயணத்திலும் வாந்தி எடுப்பான். பழைய வண்டி தேடுவோர் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். டாடா சுமோ 1994 முதல் 2019 வரை விற்பனையில் இருந்தது. அது போன்ற வண்டிகள் பலவற்றில் பின்னால் இருப்பது எதிரெதிரே பார்த்த பலகை இருக்கை. ‘எத்தனை பேரை வேண்டுமானாலும் அடைக்கலாம் சார்’ என்பார் புரோக்கர். பக்கவாட்டில் பார்த்த இருக்கையில் குழந்தை இருக்கை மாட்டக் கூடாது. அது சாமானுக்குரிய இடம்.

பழைய காரில் பட்டைகளைத் தேடிக் கண்டுபிடிப்பதே ஒரு கலை. அழகுக்காகத் தைத்துப் போட்ட சீட் கவருக்குள் கொக்கியும் பூட்டும் புதைந்து கிடக்கும். பல ஆண்டுகளாக வெளிச்சத்தையே காணாத பட்டைகளை நாங்கள் பார்த்தோம். பட்டை அணியாவிட்டால் ஒலிக்கும் எச்சரிக்கை மணியை ஏமாற்ற, பூட்டுக்குள் செருகும் ஓர் இரும்புத் துண்டை விற்கிறார்கள். அதை விற்றதற்காக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 மே மாதத்தில் ஐந்து இணைய வணிக நிறுவனங்கள்மீது ஆணை பிறப்பிக்க வேண்டி வந்தது. உயிரைக் காக்கும் மணியின் வாயை அடைக்கக் காசு கொடுக்கும் நம்மவர்களின் அறிவை என்னென்பது!

‘இதெல்லாம் பணக்காரர் பேச்சு’ என்ற எதிர்ப்பை நான் அலட்சியப்படுத்தவில்லை. அதில் உண்மை இருக்கிறது. 2008இல் நானோ காரை அறிமுகப்படுத்தியபோது, ஸ்கூட்டரில் குழந்தைகளோடு நெருக்கிக்கொண்டு செல்லும் குடும்பங்களைக் கண்டே அந்த எண்ணம் பிறந்ததாக ரத்தன் டாடா கூறினார். அந்தக் குடும்பங்கள் இன்னும் ஸ்கூட்டரில்தான் போகின்றன. நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தையை இருசக்கர வண்டியில் ஏற்றினால் உடலோடு பிணைக்கும் வாரும் தலைக்கவசமும் வேண்டும், 40 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டக் கூடாது என்று 2022 பிப்ரவரியில் விதி வந்து, ஓராண்டு கழித்து நடப்புக்கும் வந்தது. அந்த வாரை எத்தனை கடையில் பார்த்திருக்கிறோம்? பேருந்தில் போவதில் எந்த இழிவும் இல்லை என்பதையும் இவ்விடத்தில் சொல்லிவிடுகிறேன். எடை மிகுந்த ஊர்தி மோதலில் குறைவாகவே குலுங்கும். எட்டுப் பேரைத் திணித்த சிறிய காரைவிட அரசுப் பேருந்தின் நடுச்சீட்டு எவ்வளவோ மேல்.

ஆனால் கார் வாங்குவது என்று துணிந்துவிட்ட குடும்பத்தைப் பார்த்து, ‘குழந்தை இருக்கைக்குப் பணம் இல்லை’ என்ற பேச்சை நான் ஏற்கமாட்டேன். இருக்கை சில ஆயிரம் ரூபாயில் தொடங்குகிறது. பளபளக்கும் சக்கரத்துக்கும் கறுப்புக் கண்ணாடிக்கும் அந்தப் பணம் எப்படியோ கிடைத்துவிடுகிறது.

அரசின் பங்கையும் பேசத்தான் வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டர் நீளத்துக்கும் 1,200 சி.சி. எஞ்சினுக்கும் உட்பட்ட பெட்ரோல் காருக்கு 18 விழுக்காடு வரி. அதைத் தாண்டினால் 40 விழுக்காடு. அடுக்குமாடி அளவு ஆடம்பரக் காருக்கு 40 வாங்கட்டும், எனக்கு வருத்தமில்லை. ஆனால் மூன்று பிள்ளையும் கிழவியும் உள்ள வீட்டுக்காரர் நாலரை மீட்டர் வண்டி வாங்கினால் அவரும் அதே தட்டில் வைக்கப்படுகிறார். வண்டியின் நீளத்தை அளக்கும் அரசு, உள்ளே இருக்கும் தலைகளையும் அளந்தால் என்ன?

2014இல் உலகப் புதுக்கார் மதிப்பீட்டு அமைப்பு இந்தியாவின் ஐந்து சிறு கார்களை மோதிப் பார்த்தபோது, பெரியவர் பாதுகாப்பில் ஒன்றுகூட ஒரு நட்சத்திரம் பெறவில்லை. 2023 அக்டோபர் முதல் நமக்கே சொந்தமாக ‘பாரத் என்.சி.ஏ.பி.’ வந்துவிட்டது. ஒன்றரை வயது, மூன்று வயதுக் குழந்தைகளின் அளவில் பொம்மைகளை உட்காரவைத்து, குழந்தைப் பாதுகாப்புக்கென்று தனியே 49 மதிப்பெண் வைத்திருக்கிறார்கள். பெரியவருக்குரிய நட்சத்திரத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாமல் அந்த இரண்டாவது எண்ணையும் கேளுங்கள். விற்பனையாளருக்குத் தெரியாவிட்டால் தேடிச் சொல்லச் சொல்லுங்கள்.

இறுதியாக ஒரு கோரிக்கை. எங்கள் வீட்டைப் போல, கல்லூரி வாசலை முதன்முதலாக மிதித்தவன் ஒருவன் மட்டுமே உள்ள வீடுகளில், கார் வாங்கினாலும் கிணற்று மோட்டார் வாங்கினாலும் அதன் கையேட்டைப் படிக்க வேண்டியவன் அவன்தான். நான் பார்த்த கார்க் கையேடுகளும் குழந்தை இருக்கைக் கையேடுகளும் ஆங்கிலத்தில் இருந்தன. பட்டை எந்தத் துளை வழியாகப் போக வேண்டும், எந்தக் கொக்கி எப்போது ‘கிளிக்’ என்று ஒலிக்க வேண்டும் என்பது தாய்க்குத் தெரிய வேண்டிய செய்தி. என் அக்காள் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். நாள்தோறும் அந்த இருக்கையை மாட்டப் போகிறவள் அவள். தமிழ்நாட்டில் தொழிற்சாலை வைத்துக் கார் செய்கிறவர்கள் தமிழில் நாலு பக்கம் அச்சிட்டுக் கொடுப்பது பெரிய காரியமா? அதுவரை அந்த வேலை நம் கையில் இருக்கிறது. ஒரு கையேட்டின் ஆறு பக்கங்களைத் தமிழில் எழுதி, படமும் போட்டு அக்காளிடம் கொடுத்திருக்கிறேன். ‘சேணம்’, ‘சாய்வுக்கோல்’ என்று நான் போட்டிருந்த சொற்களை அவள் அடித்துவிட்டு, ‘வார்’, ‘பின்கம்பி’ என்று திருத்திக் கொடுத்தாள். அவள் திருத்தமே சரி.

‘பத்துப் பிள்ளையை இந்த மடியிலே வளர்த்தவள் நான், கார்லே ஒண்ணை வைச்சுக்க மாட்டேனா?’ என்று அத்தை இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். நாங்கள் காருக்கு முன்னே இருக்கைகளை வாங்கிவிட்டோம். புரோக்கர் காட்டும் ஒவ்வொரு வண்டிக்கும் அவற்றைத் தூக்கிச் சென்று வைத்துப் பார்க்கிறோம். மாடு வாங்கும் முன் கயிறு வாங்கியவர்கள் என்று அவர் சிரிக்கிறார். முதல் வண்டியில் இருக்கை நுழையவில்லை. இரண்டாவதில் பட்டை எட்டவில்லை. மூன்றாவதற்குப் பேரம் நடக்கிறது.